பாலாற்றில் தண்ணீர் வந்த ஞாயிற்றுக்கிழமை

நான் ஓட ஆரம்பித்தது உடம்பு இளைக்க அல்ல, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க. ஆம்பூரை ஒட்டிய எங்கள் தெருவுக்குள் பஸ் வராது. நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில், பெட்ரோல் பங்க் எதிரில் நிற்கும். நின்றவர்கள் ஏறியதும் கிளம்பிவிடும். வாரத்தில் இரண்டு நாளாவது டிபன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அதன் பின்னால் ஓடுவேன். ஒருநாள் அப்படி ஓடி ஏறிக் கம்பியைப் பிடித்து நின்றபோது டிரைவர் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா, மூச்சே வாங்கல உனக்கு. உனக்கு எதுக்கு பஸ்ஸு, இப்படியே கம்பெனிக்கு வந்துடு" என்றார்.

பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் சீட்டில் உட்கார்ந்த பிறகுதான், ஆமாம், மூச்சு வாங்கவில்லையே என்று எனக்கே தோன்றியது. அப்போது எனக்கு நாற்பத்தொன்று. மகள் கல்லூரி விடுதிக்குப் போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்.

நான் ஷூ கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசர். ஷூவின் மேல்பாகத்தைத் தைத்து முடிக்கிற லைன் அது. லைன் முடிகிற இடத்தில் செக்கிங் மேசை. அந்த மேசையில் பன்னிரண்டு வருஷமாக என் பக்கத்தில் நிற்பவர் ஆப்பா. அவர்கள் வீட்டில் உருதுவில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். ஆப்பா சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. தையல் கோணலாக இருந்தால்கூடத் தைத்த பெண்ணிடம் போய்த் தோளைத் தொட்டு, காதோடு சொல்லிவிட்டுத்தான் வருவார்.

அந்த வருஷம் கம்பெனி விளையாட்டு விழாவில் பெண்களுக்கு ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். காம்பவுண்டைச் சுற்றி மூன்று சுற்று. பஸ் விஷயம் பரவியிருந்ததால் என் பெயரை யாரோ கொடுத்துவிட்டார்கள். இருபது வயதுப் பெண்களோடு ஓடி இரண்டாவதாக வந்தேன். ஒரு ஹாட் பாக்ஸ் கொடுத்தார்கள். அன்று சாயந்திரம் பஸ்ஸில் ஆப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மத்தவங்க எல்லாம் ஓடுனாங்க. நீ எங்கியோ போறவ மாதிரி போன. இத வுட்டுடாத" என்றார்.

விடக்கூடாது என்றால் எங்கே ஓடுவது? விடிந்த பிறகு ரோட்டில் லாரியும் பைக்கும். விடியுமுன் என்றால் இருட்டு, நாய்கள். தோல் பதனிடும் ஷாப் மதிலோரம் படுத்திருக்கும் நாய்கள் சாதாரணமானவை அல்ல. நான் இதைச் சொன்னதும் ஆப்பா கொஞ்சம் யோசித்தார். அவருக்கு முட்டிவலி, ஓட முடியாது. ஆனால் ஸ்கூட்டி இருந்தது. காலைத் தொழுகை முடிந்ததும் தான் வருவதாகச் சொன்னார்.

மறுநாளே வந்தார். புர்கா காற்றில் படபடக்க, ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு என் பின்னால் மெதுவாக ஸ்கூட்டியை ஓட்டிவந்தார். அந்த வெளிச்சத்தில் என் நிழல் எனக்கு முன்னால் நீளமாக ஓடும். நாய் எழுந்தால் ஹாரன். பைக்கில் போகிற பையன்கள் ஏதாவது சொல்லிக்கொண்டு வேகம் குறைத்தால், ஆப்பா ஸ்கூட்டியை எனக்கும் அவர்களுக்கும் நடுவில் கொண்டுவந்துவிடுவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர்கள் போய்விடுவார்கள். மழைக்காலம், நோன்பு மாதம், அவர் வீட்டில் கல்யாணம் என்று நின்ற சில நாட்கள் தவிர, இரண்டு வருஷம் இப்படித்தான் நடந்தது.

என் வீட்டுக்காரர் குட்டியானை ஓட்டுகிறார். கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி, சோல், பசை டின் என்று லோடு அடிக்கிற வண்டி. முதலில் அவருக்கு நான் ஓடுவது பிடிக்கவில்லை. தடுக்கவும் இல்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் டீக்கடையில் யாரோ, உன் வீட்டம்மா விடியக்காலையில் ரோட்டில் ஓடுகிறாளாமே என்று கேட்டிருக்கிறார். "ஆமா, ஓடுது. நீயும் வேணா ஓடு, தொப்பை கம்மியாவும்" என்று இவர் சொன்னாராம். அதை எனக்குச் சொன்னது கடைக்காரர்தான். இவர் மூச்சு விடவில்லை. ஆனால் அந்த வாரத்திலிருந்து நான் ஓடிவிட்டு வரும்போது இட்லி வெந்திருக்கும், இரண்டு டிபன் பாக்ஸும் கட்டி வைத்திருக்கும்.

முதல் முறை வேலூரில் நடந்த பத்து கிலோமீட்டர் போட்டியில் ஓடினேன். முடித்ததே பெரிது என்று வந்தேன். இரண்டாவது முறை ராணிப்பேட்டைப் பக்கம். அங்கே ஒரு மணி நேரத்தைத் தாண்டி ஒரு நிமிஷம் ஆவதற்குள் முடித்துவிட்டேன். அன்றைக்குத்தான் அந்த ஒரு மணி எனக்குள் புகுந்துகொண்டது.

அதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் லைனில் ஒரு போர்டு தொங்கும். ஒவ்வொரு மணி முடிந்ததும் எத்தனை ஜோடி தைத்தோம் என்று அதில் எழுத வேண்டும். எழுதுகிறவள் நான். குறைந்தால் பதில் சொல்கிறவளும் நான். பதினைந்து வருஷமாக என் மணிகளெல்லாம் அந்தப் போர்டில்தான் போயிருக்கின்றன. எனக்கென்று ஒரே ஒரு மணி, அதற்குள் நானே வைத்த ஒரு வேலை, அதை முடித்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இதை யாரிடமும் இப்படி விளக்கிச் சொன்னதில்லை. ஆப்பாவிடம் மட்டும், ஒரு மணிக்குள் பத்து கிலோமீட்டர் ஓட வேண்டும் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. மறுநாள் முதல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நேரம் சொல்ல ஆரம்பித்தார்.

மூன்றாவது போட்டி மறுபடியும் வேலூரில். கார்த்திகை மாதம். வங்கக் கடலில் ஏதோ உருவாகி மூன்று நாளாக மழை விடவில்லை. சனிக்கிழமை மத்தியானம், மழை பெய்தாலும் போட்டி உண்டு என்று போனில் செய்தி வந்தது. பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று நானும் ஆப்பாவும் பேசிக்கொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை இவருக்கு வாணியம்பாடிக்கு லோடு இருந்தது எனக்குத் தெரியும். சாயந்திரம் இவர் வண்டியைக் கழுவிக்கொண்டே, "காத்தால மூணு பேரும் வண்டிலயே போய்டலாம்" என்றார். லோடு என்ன ஆயிற்று என்றேன். வேறு ஆளிடம் சொல்லிவிட்டேன் என்றார்.

விடியுமுன் கிளம்பினோம். முன் சீட்டில் மூன்று பேர் நெருக்கியடித்துக்கொண்டோம். மூச்சில் கண்ணாடி மங்கிக்கொண்டே இருந்தது. ஆப்பா ஒரு துணியால் துடைத்துக்கொண்டே வந்தார். பள்ளிகொண்டா தாண்டும்போது இவர், ஆந்திரா பக்கம் தடுப்பணை எல்லாம் நிரம்பி வழிந்து பாலாற்றில் தண்ணீர் வந்துவிட்டதாம் என்றார். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பாலாறு என்றால் மணல். அதில் தண்ணீர் என்பது வருஷக்கணக்கில் காத்திருந்து பார்க்கிற விஷயம். வேறு நாளாக இருந்தால் மூவரும் அதைப் பற்றியே பேசியிருப்போம். அன்று நான் மனசுக்குள் கிலோமீட்டர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

போட்டி கோட்டைக்குப் பக்கத்து மைதானத்தில் ஆரம்பித்து, பாலாற்றுப் பாலத்தைக் கடந்து, காட்பாடி போய்த் திரும்ப வேண்டும். ஸ்கூட்டி இல்லாததால் ஆப்பா பின்னால் வர முடியாது. அதனால் பாலத்தின் நடுவில் போய் நின்றுகொண்டு, போகும்போதும் வரும்போதும் நேரம் சொல்வதாக ஏற்பாடு. விசில் ஊதியதும் இவர் ஆப்பாவுக்குப் போன் செய்துவிடுவார். இருட்டோடு பாலத்தில் அவரை இறக்கிவிட்டு வந்து, இவர் ஷூ பெட்டிகள் வரும் பெரிய பாலிதீன் கவர் ஒன்றைக் கத்தியால் வெட்டி, தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு எனக்கு மாட்டிவிட்டார். உள்ளே மஞ்சள் டீ-ஷர்ட், நெஞ்சில் நம்பர்.

பேர் கொடுத்தவர்களில் பாதிப் பேர்தான் வந்திருந்தார்கள். மைக்கில் சொன்னது மழையில் ஒன்றும் கேட்கவில்லை. நேரம் தள்ளிக்கொண்டே போனது. நான் மைதானத்தின் கடைசியில் ஒரு தகரக் கொட்டகையின் கீழ் ஒதுங்கியிருந்தேன். திடீரென்று விசில் சத்தம் கேட்டு எல்லோரும் நகர, கடைசி ஆளாகக் கிளம்பினேன். முன்னால் இருந்தவர்கள் குட்டைக்குப் பயந்து ஓரமாகப் போக, கூட்டம் ஒரே இடத்தில் நெருங்கி நின்றுவிட்டது. ஆரம்பக் கோட்டை எப்போது தாண்டினேன் என்று எனக்கே தெரியாது.

முதல் கிலோமீட்டர் முடியுமுன்பே ஷூ நனைந்து கனத்துவிட்டது. பாலிதீன் கவரைக் கழற்றி, சந்திப்பில் நின்ற பெண் போலீஸ் ஒருவரிடம் நீட்டினேன், வாங்கிக்கொண்டார். ரோட்டில் எது பள்ளம், எது தண்ணீர் என்று தெரியவில்லை. முன்னால் போகிறவரின் கால் எங்கே படுகிறதோ அங்கேயே வைத்துப் போனேன். குளிரவில்லை. மழை முகத்தில் அடிப்பது நன்றாகத்தான் இருந்தது.

பாலம் வந்ததும் திகைத்துப் போனேன். ஆற்றைப் பார்க்க ஊரே வந்திருந்தது. குடை பிடித்துக்கொண்டும், சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டும், சின்னப் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டும் கைப்பிடிச் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். ஓடுகிறவர்கள் போக இடம் இருந்தது, ஆனால் குறைவு. நடுப்பாலத்தில் கறுப்புக் குடையோடு ஆப்பா நின்றார். "ஒரு நிமிஷம் லேட்டு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு ஓடினேன்.

விருதம்பட்டு தாண்டிக் காட்பாடி வரைக்கும் அந்த ஒரு நிமிஷத்தை மீட்கப் பார்த்தேன். மழை அப்போதுதான் கொட்டியது. திரும்பும் இடத்தில் தண்ணீர் கொடுக்கிற மேசையில் ஒரு பெண் டம்ளரை நீட்டினாள். மேலே பெய்கிற மழையைக் காட்டி இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். திரும்பிய பிறகு வலது விலாவில் பிடித்துக்கொண்டது. கையை அழுத்திக்கொண்டு ஓடினேன். இந்த வலி பழகியதுதான், விட்டுவிடும் என்று தெரியும். அது விடுவதற்கும் பாலம் வருவதற்கும் சரியாக இருந்தது.

ஆனால் பாலத்தில் வழி இல்லை. நான் போய்த் திரும்புவதற்குள் கூட்டம் இரண்டு மடங்காகியிருந்தது. பைக்குகளையும் ஆட்டோக்களையும் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் ஓடியவர்கள் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். தோளை இடித்து, மன்னிப்புக் கேட்டு, ஒவ்வொருவராக நுழைந்து போனார்கள். நானும் நடந்தேன். அவ்வளவுதான், போய்விட்டது என்று நினைத்தேன். யார் மேலும் கோபம் வரவில்லை. ஆற்றில் தண்ணீர் வந்தால் பார்க்கத்தானே செய்வார்கள்.

அப்போது ஒரு குரல் கேட்டது.

"வழி வுடுங்க. ஒதுங்குங்கப்பா. ஹட்டோ, ஹட்டோ. என் தங்கச்சி ஓடி வருது, வழி வுடுங்க."

முதலில் அது யாருடைய குரல் என்றே எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் நான் கேட்டறியாத சத்தம் அது. கூட்டத்தின் நடுவில் ஆப்பா. குடையை மடக்கி இரண்டு கையாலும் குறுக்கே பிடித்துக்கொண்டு, முன்னால் நின்ற ஆண்களை அந்தக் குடையால் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார். உருதுவும் தமிழும் கலந்து வந்தது. அவர் நிறுத்தவே இல்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு போலீஸ்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு விசிலை வாயில் வைத்தார். ஆட்டோக்காரர் ஒருவர் தன் வண்டியைத் தானே தள்ளி ஓரம் கட்டினார். அப்புறம் அவரும் கத்த ஆரம்பித்தார். ஒருவரைப் பார்த்து ஒருவர் ஒதுங்க, நடுவில் ஒரு ஆள் போகிற அகலத்துக்கு வழி திறந்தது.

நான் ஓடினேன். இரண்டு பக்கமும் நனைந்த முகங்கள். கைதட்டினார்கள். யாரோ, "போம்மா, போம்மா" என்றார்கள். என் பின்னால் நடந்துகொண்டிருந்தவர்களும் அந்த வழியில் ஓடிவருவது காலடிச் சத்தத்தில் தெரிந்தது. ஆப்பாவைத் தாண்டும்போது நின்று ஒரு வார்த்தை சொல்ல நினைத்தேன். அவர் விடவில்லை. என்னோடு சேர்ந்து ஓடிவந்தார், அந்த முட்டியோடு, புர்காவைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

"இன்னும் டைம் இருக்கு. ஜல்தி போ. திரும்பிப் பாக்காத."

கொஞ்ச தூரம் அவர் மூச்சு என் பக்கத்தில் கேட்டது. பிறகு கேட்கவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு ஓடியது எனக்கு அவ்வளவாக நினைவில் இல்லை. பாலம் இறங்கியதும் ஓரிடத்தில் கணுக்காலுக்கு மேல் சாக்கடையும் மழையுமாகக் கலந்த தண்ணீர். அதில் ஓட முடியாமல் காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் போனேன். மார்க்கெட் பக்கம் கடைக்காரர் ஒருவர் ஷட்டரைப் பாதி தூக்கியபடி நின்று பார்த்தார். மூச்சு தொண்டையில் உப்புக் கரித்தது. கோட்டை மதில் தெரிந்ததும் வாய்விட்டு அழுதுவிடுவேன் போல இருந்தது. அழுதால் மூச்சு போய்விடும் என்று அடக்கிக்கொண்டேன்.

மைதானத்துக்குள் திரும்பியபோது முடிவுக் கோட்டின் மேல் இருந்த பெரிய கடிகாரம் தெரிந்தது. ஒரு மணியும் ஒரு நிமிஷமும் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்த பிறகும் வேகத்தைக் குறைக்காமல் கோட்டைத் தாண்டினேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. அவ்வளவு பேர் வழி விட்டிருந்தார்கள்.

இவர் துண்டோடு நின்றிருந்தார். கடிகாரத்தை அவரும் பார்த்திருந்தார். தலையைத் துவட்டிவிட்டார், மகளுக்குத் துவட்டுகிற மாதிரி. "மழை. இன்னா பண்றது" என்றார். மெடலைக் கழுத்தில் போட்டார்கள். இலைத் தொன்னையில் பொங்கல் கொடுத்தார்கள். சூடாக இருந்தது, அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடிகாரம் காட்டுவது விசில் ஊதிய நேரத்திலிருந்து. என்னுடைய நேரம் நான் ஆரம்பக் கோட்டைத் தாண்டியதிலிருந்துதான் கணக்கு. நம்பருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சிப் அதைப் பதிந்துகொள்ளும். இது எனக்குத் தெரியும். ஆனால் கடைசியில் கிளம்பி, கூட்டத்தில் மாட்டி, கோட்டைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாதே. மேசையில் இருந்த இளைஞரிடம் கேட்டேன். மழையில் மெஷின் தகராறு செய்கிறது, பதிவாகியிருந்தால் போனுக்கு வரும் என்றார். பதிவாகியிருந்தால்.

ஆப்பாவை அழைத்துவரப் போகலாம் என்று வண்டியை எடுக்கும்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஆப்பா இறங்கினார். தலை முதல் கால் வரை நனைந்திருந்தார். ஓட்டிவந்தவர் பாலத்தில் வண்டியைத் தள்ளி ஓரம் கட்டியவர். தானாகவே ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். இவர் பணம் எடுக்கப் போக, வேண்டாம் என்று கையைக் காட்டினார். "டைமுக்குள்ள வந்துச்சா உங்க வீட்ல?" என்று இவரிடம் கேட்டார். இன்னும் தெரியவில்லை என்றோம். தெரிந்துகொண்டே போகிறேன் என்று இஞ்சினை அணைத்துவிட்டு எங்களோடு நின்றுகொண்டார். பொங்கல் ஒரு தொன்னை அவருக்கும் வாங்கிவந்தேன். நாலு பேரும் குட்டியானையின் தார்ப்பாய்க்குக் கீழே நின்று சாப்பிட்டோம். ஆப்பாவின் குரல் கம்மிப் போயிருந்தது. முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன், இருக்கிறது என்றார்.

போன் இவருடைய சட்டைப் பையில் பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது. சத்தம் வந்ததும் எடுத்து, கவரை உரித்து, மூக்குக்கண்ணாடியைச் சட்டையில் துடைத்துவிட்டுப் படித்தார். மறுபடியும் படித்தார். எனக்குக் காட்டாமல் ஆப்பாவிடம் நீட்டினார்.

ஆப்பா அதைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "அம்பத்தொம்பது" என்றார். "அம்பத்தொம்பது நிமிஷம் முப்பத்தேழு செகண்டு." மாஷா அல்லாஹ் என்றார். என்னைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தோம். அப்போதுதான் அழுதேன், போதும் போதும் என்கிற வரைக்கும்.

ஆட்டோக்காரர் தொன்னையைப் போட்டுவிட்டுக் கையைக் கழுவினார். "அப்ப நாங்க வழி வுட்டது வீண் போவல" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் வண்டி நம்பரைக்கூட நான் பார்க்கவில்லை.

திரும்பும்போது இவர், தான் இன்னும் ஆற்றைப் பார்க்கவில்லை என்றார். நான் ஓடுகிற அவசரத்தில் பார்க்கவில்லை. ஆப்பா, நீங்கள்தான் பார்த்தீர்கள், எவ்வளவு தண்ணீர் என்று கேட்டேன்.

"நான் எங்க பாத்தேன்" என்றார் ஆப்பா. "ரோட்டையே பாத்துட்டு நின்னேன். முதுகுப் பக்கம் சத்தம் கேட்டுது, அவ்ளோதான்."

இவர் வண்டியைப் பாலத்தின் பக்கம் திருப்பினார். மூன்று பேரும் இறங்கிக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தோம். செக்கச் செவேலென்று கரைக்குக் கரை போய்க்கொண்டிருந்தது. மரம் ஒன்று வேரோடு மிதந்து வந்தது. வெகு நேரம் நின்றோம்.

திங்கட்கிழமை பஸ்ஸுக்கு ஓட முடியவில்லை. படி இறங்கவே காலைப் பக்கவாட்டில் வைத்துத்தான் இறங்கினேன். பெட்ரோல் பங்க் எதிரில் டிரைவர் அண்ணன் பஸ்ஸை நிறுத்திக் காத்திருந்தார், ஆப்பா சொல்லிவைத்திருந்தாராம். லைனில் எல்லோரும் கேட்டார்கள், சொன்னேன். பதினோரு மணிக்குப் பிறகு ஷிப்மெண்ட் அவசரம், பேச நேரமில்லை.

அதற்குப் பிறகும் இரண்டு போட்டிகள் ஓடிவிட்டேன். இரண்டிலும் ஒரு மணியைத் தாண்டித்தான் முடித்தேன். இன்னொரு முறை அதற்குள் வருவேனா என்று தெரியவில்லை. வயதும் ஏறுகிறது. ஆப்பாவுக்கு முட்டியில் ஊசி போட்டிருக்கிறார்கள், ஆனாலும் ஸ்கூட்டியில் வருகிறார். நாங்கள் முன்பைவிட மெதுவாகப் போகிறோம். வழியில் பேசிக்கொண்டே போகிறோம், பேச்சு ஜாஸ்தியாகிவிட்டது. யாராவது அந்த ஓட்டத்தைப் பற்றிக் கேட்டால், ஓடியது நான், மற்றதெல்லாம் செய்தது பிறர் என்று சொல்கிறேன். அடக்கத்துக்காகச் சொல்வதாக நினைக்கிறார்கள். நடந்ததைத்தான் சொல்கிறேன்.